பூனை குழந்தையின் காலைக் கடிக்கிறது, செத்த குருவியைக் கொண்டுவருகிறது: என்ன செய்வது, டாக்டர்?

ஒரு வாசகி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அவர் வீட்டில் மூன்று வயதுக் கடுவன் பூனை ஒன்று இருக்கிறது. சோமு என்று வைத்துக்கொள்வோம், உண்மைப் பெயர் வேறு. கண் திறந்து சில நாட்களே ஆன குட்டியாக, தாயும் கூடப்பிறந்ததும் இல்லாமல் கிடைத்தவன், புட்டிப்பால் கொடுத்து வளர்த்திருக்கிறார்கள். கருத்தடை செய்தாயிற்று. நான்கு மாதத்துக்கு முன் வீடு மாறினார்கள். அதற்குமுன் நாள் முழுக்க வெளியே சுற்றியவன், இப்போது அதிகாலையில் மட்டும் கொஞ்ச நேரம் வெளியே போகிறான். போனால் குருவியோ பல்லியோ வாயில் கவ்விக்கொண்டு வந்து கட்டிலில் போடுகிறான். மாலை இருட்டும் நேரத்தில் சோபாவுக்குப் பின்னால் பதுங்கியிருந்து ஏழு வயது மகளின் காலில் பாய்கிறான். போன வாரம் பல் ஆழமாகவே இறங்கிவிட்டது, தண்ணீரில் கழுவி மருந்து தடவியிருக்கிறார்கள். அதிகாலை நான்கு மணிக்குப் படுக்கையறைக் கதவைப் பிறாண்டி எல்லோரையும் எழுப்புகிறான்.

வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு. "ரத்த ருசி கண்டுவிட்டது, இறைச்சியை நிறுத்திப் பாலும் சோறும் போடு, திருந்திவிடும்" என்பது மாமியார். கணவர் செய்தித்தாளைச் சுருட்டி அடிக்கிறார். நகத்தையே எடுத்துவிடலாம் என்கிறார் ஒரு தோழி. பேசாமல் தூரமாகக் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்ற பேச்சும் வந்துவிட்டது. இதற்கு நடுவில் ஒரே ஒரு வரி: "இந்த வாரம் இரண்டு முறை எங்கள் மெத்தையில் மூத்திரம் போய்விட்டான், அடித்த கோபத்தில்தான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் லிட்டர் பாக்ஸில் (அவன் மலஜலம் கழிக்கும் பெட்டியில்) ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டு சும்மா எழுந்து வருகிறான்."

வணக்கம். குருவியும் பல்லியும் காத்திருக்கட்டும், அந்த ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் மூத்திரம், அப்புறம் மற்றதெல்லாம்

இதைப் படித்து முடிப்பதற்குள்கூட நீங்கள் கால்நடை மருத்துவரை அழைக்கலாம், நான் தவறாக நினைக்க மாட்டேன். கடுவன் பூனையின் மூத்திரக் குழாய் மிகக் குறுகலானது. லிட்டர் பாக்ஸில் ரொம்ப நேரம் உட்கார்ந்து முக்கியும் ஒன்றும் வரவில்லை என்றால், குழாயில் அடைப்பு விழுந்திருக்கலாம். முழு அடைப்பு என்றால் ஒன்றிரண்டு நாட்களில் உயிரே போய்விடும். சொட்டுச் சொட்டாக வருவது, போகும்போது கத்துவது, அடிக்கடி அந்த இடத்தை நக்குவது, சாப்பிடாமல் வாந்தி எடுப்பது, இதில் எது தெரிந்தாலும் ராத்திரி என்றும் பார்க்காமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அடைப்பு இல்லை என்று தெரிந்தால் நல்லது, ஆனால் அதை வீட்டிலிருந்தபடி நீங்களோ இங்கிருந்தபடி நானோ சொல்ல முடியாது.

கோபத்தில் மெத்தையை நனைத்தான் என்பதை விட்டுவிடுங்கள். நேற்று அடித்ததற்கு இன்று மெத்தையில் பழி தீர்க்கும் கணக்கெல்லாம் பூனைக்கு இல்லை. ஆனால் நீங்கள் கவனித்ததில் பாதி உண்மை இருக்கிறது. வீடு மாறியது, வெளியே போவது குறைந்தது, அடி விழுவது எல்லாம் சேர்ந்த மன அழுத்தத்தால் பூனைகளுக்கு மூத்திரப்பை வீங்கி வலியெடுக்கும். இது நாங்கள் அடிக்கடி பார்ப்பது. வலியோடு லிட்டர் பாக்ஸில் நின்ற பூனை, வலிக்குக் காரணம் அந்தப் பெட்டிதான் என்று முடிவுகட்டி மெத்தென்று வேறு இடம் தேடும். உங்கள் மெத்தை வாகாகக் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு. நோயை வெளியே காட்டிக்கொள்ளாமல் இருப்பது பூனையின் பழைய தற்காப்பு. தனியாக வாழ்ந்த சிறு விலங்கு தன் பலவீனத்தைக் காட்டினால் அதைவிடப் பெரியதற்கு இரையாகிவிடும். அதனால்தான் வீட்டுப் பூனையின் நோய் நம் கண்ணுக்குத் தெரியும்போது பெரும்பாலும் முற்றியிருக்கும். வலியில் இருக்கும் பூனை முன்னைவிட அதிகம் கடிக்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

அதே கையோடு இன்னொரு வேலை. மகளை ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள், ஒரு வாரம் ஆகிவிட்டதே என்று விட்டுவிட வேண்டாம். பூனையின் பல் ஊசிபோல மெல்லியது, கிருமியை ஆழத்தில் வைத்துவிட்டு மேல்தோல் சட்டென்று மூடிக்கொள்ளும். கடித்தவுடன் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். அது நடக்கவில்லை, பரவாயில்லை, ஆனால் சோமுவுக்குக் கடைசியாகத் தடுப்பூசி போட்டது எப்போது என்று நினைவில்லை என்கிறீர்கள். அவன் வெளியே போய்வருகிறவன். ரேபீஸ் என்ற வெறிநோய் இருக்கிற ஊர் என்றால் இதில் யோசிக்கவே இடமில்லை, மகளுக்குத் தடுப்பூசி வேண்டுமா என்று முடிவு செய்வது மருத்துவர் வேலை.

ரத்த ருசி என்று ஒன்று இல்லை

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். வளர்த்த பிள்ளை திடீரென்று காட்டு மிருகமாக மாறிவிட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். மாறவில்லை, அவன் முதலிலிருந்தே அப்படித்தான். இன்று உலகத்தில் இருக்கும் அத்தனை வீட்டுப் பூனைகளும் ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை என்ற ஒரே வகையின் வாரிசுகள் என்று 2007இல் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்து உறுதி செய்தார்கள். சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மனிதக் கல்லறையின் பக்கத்திலேயே பூனை ஒன்றும் புதைக்கப்பட்டிருந்தது. அவ்வளவு பழைய உறவு. ஆனால் அந்த ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் பெரும்பகுதி நாம் பூனையிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: தானியத்தைத் தின்னும் எலியைப் பிடி. ஆடு மேய்க்க, காவல் காக்க, மோப்பம் பிடிக்க என்று நாயைத் தேர்ந்தெடுத்து மாற்றினோம், பூனையை அப்படி மாற்றவில்லை. இன்று நாம் பார்க்கும் விதவிதமான பூனை இனங்களில் பெரும்பாலானவை கடந்த 150 ஆண்டுகளுக்குள் வந்தவை, அதிலும் பார்த்தது முடியையும் நிறத்தையும்தான், வேட்டைக் குணத்தை யாரும் தொடவில்லை. மனிதனைக் கண்டு ஓடாத காட்டுப்பூனை என்று சோமுவைச் சொன்னால் அது மிகையில்லை.

வயிறு நிறையச் சாப்பாடு போட்டும் ஏன் கொல்கிறான் என்ற உங்கள் குழப்பத்துக்கும் விடை அங்கேதான் இருக்கிறது. ஒரு சுண்டெலியிலிருந்து கிடைப்பது சுமார் 30 கலோரிதான். நாலு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு எட்டுப் பத்து எலியாவது வேண்டும், பாய்ந்த பாய்ச்சலில் பாதிக்கு மேல் வீணாகவும் போகும். பசி எடுத்த பிறகு கிளம்பலாம் என்று காத்திருந்த பூனை பட்டினியில் செத்திருக்கும். அதனால் வேட்டையாடும் உந்துதல் பசியிலிருந்து தனியாகப் பிரிந்தே அதன் மூளையில் உட்கார்ந்திருக்கிறது. 1970களில் ஒரு சோதனை செய்தார்கள். பூனை தனக்குப் பிடித்த உணவைத் தின்றுகொண்டிருக்கும்போது உயிருள்ள எலியைக் காட்டினார்கள். பூனை தட்டை விட்டு எழுந்து போய் எலியைக் கொன்றுவிட்டுத் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து சாப்பிட்டது. பசித்தால் வேட்டை இன்னும் தீவிரமாகும் என்பது சரி. ஆனால் பசியாற்றினால் வேட்டை நின்றுவிடும் என்பது நடக்காது.

இறைச்சியை நிறுத்துவதில் இன்னும் பெரிய ஆபத்து இருக்கிறது, உங்கள் மாமியாரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். நாயைப் போல எதையும் தின்று சமாளிக்கும் உடம்பு பூனைக்கு இல்லை. டாரின் என்ற சத்தைத் தேவையான அளவு அதன் உடம்பால் தயாரித்துக்கொள்ள முடியாது, இறைச்சியிலிருந்துதான் வர வேண்டும். டாரின் குறைந்தால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும், இதயம் வீங்கித் தளரும். பால் வேறு, வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குச் செரிக்காது, வயிற்றுப்போக்கில்தான் முடியும். பாசத்தோடு இனிப்பு ஊட்டுகிறவர்களுக்கு ஒரு தகவல்: பூனைக்கு இனிப்பே தெரியாது, அதை உணரும் மரபணு அதற்குச் செயலிழந்துபோயிருக்கிறது.

கொண்டுவந்து கட்டிலில் போடுவது பரிசா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி நினைத்துக்கொள்வதில் ஒரு சுகம் இருக்கிறது, கெடுக்க மனமில்லைதான். ஆனால் எளிய விளக்கம் வேறு. பிடித்ததைத் தன் எல்லைக்குள் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோய்த் தின்பது பூனையின் வழக்கம். அவன் உலகத்திலேயே பத்திரமான இடம் உங்கள் கட்டில். வந்து சேர்ந்ததும், தட்டில் இதைவிட நல்ல சாப்பாடு இருப்பது நினைவுக்கு வருகிறது, குருவி அங்கேயே கிடக்கிறது. திட்டாதீர்கள், கையுறை போட்டு எடுத்து அப்புறப்படுத்துங்கள். வேட்டையாடும் பூனைக்குக் குடற்புழு மருந்தும் தவறாமல் வேண்டும். அக்கம்பக்கத்தில் எலி மருந்து வைக்கிறார்களா என்றும் விசாரியுங்கள், விஷம் தின்ற எலியைத் தின்ற பூனையும் சாகும்.

மகளின் கால் எலியானது எப்படி

இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் வருத்தப்படலாம். குட்டியாக இருக்கும்போது போர்வைக்குள் காலை அசைத்துக் காட்டி அவனைப் பாய வைத்து விளையாடினோம், அப்போது அழகாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் பயிற்சி அங்கேதான் தொடங்கியது. சாதாரணமாக ஒரு குட்டி தன் கூடப்பிறந்ததைப் பலமாகக் கடித்தால் அது கத்தும், திருப்பிக் கடிக்கும், விளையாட்டு நின்றுபோகும். எவ்வளவு கடிக்கலாம் என்ற அளவைக் குட்டி அப்படித்தான் கற்றுக்கொள்கிறது. புட்டிப்பாலில் தனியாக வளர்ந்த சோமுவுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை, மனிதக் கையும் காலும்தான் விளையாட்டுச் சாமான் என்ற பாடம் மட்டும் நன்றாகப் பதிந்துவிட்டது. தெரியாமல் செய்தது, நிறையப் பேர் செய்வதுதான். ஆனால் இன்றோடு வீட்டில் யாருமே, உங்கள் கணவர் உட்பட, கையாலும் காலாலும் அவனோடு விளையாடக் கூடாது.

மாலை நேரத்தில் மட்டும் ஏன் என்றால், பூனை விடியலிலும் அந்தியிலும் விழித்து வேட்டையாடப் பிறந்தது. மங்கலான வெளிச்சத்தில் அதன் கண் நம் கண்ணைவிட எவ்வளவோ கூர்மை. நான்கு மணிக்குக் கதவைப் பிறாண்டுவதும் இதே கணக்குதான். முன்பெல்லாம் அந்த வேகத்தை வெளியே செலவழித்தான். இப்போது வீட்டுக்குள் அசைகிற பொருள் எது என்று பார்க்கிறான், ஏழு வயதுக் குழந்தை ஓடுகிறது, கீச்சென்று கத்துகிறது, காலை உதறுகிறது. இரை என்னவெல்லாம் செய்யுமோ அத்தனையும். அவள்மேல் அவனுக்கு வெறுப்பு கிடையாது. காதைப் பின்னால் மடக்கி, உறுமி, சீறிக்கொண்டு பாய்ந்தால் அது பயம் அல்லது சண்டை. நீங்கள் விவரித்தது அப்படியில்லை: சத்தமே இல்லாமல் பதுங்கி, பின்பக்கத்தைக் குலுக்கி, பாய்ந்து, கடித்து, ஓடிவிடுகிறான். அது வேட்டை விளையாட்டு. ஆனால் குழந்தைக்கு வலி ஒன்றுதான், அதனால் விளையாட்டுத்தானே என்று பொறுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன்.

உங்கள் முன்னால் இருக்கும் வழிகள்

அடிப்பது பலன் தராது. பாய்ந்ததற்கு அடி விழுந்தது என்று அவன் இணைத்துப் பார்ப்பதில்லை, இந்த மனிதன் பக்கத்தில் வந்தால் வலிக்கும் என்று மட்டும் புரிந்துகொள்கிறான். இப்போது விளையாட்டுக்குக் கடிக்கிறவன் நாளைக்குப் பயத்தில் கடிப்பான், அந்தக் கடி இதைவிட மோசமாக இருக்கும். தண்ணீர் பீய்ச்சுவதும் இதே ரகம்.

நகத்தை எடுப்பது என்றால் நகத்தை மட்டும் எடுப்பது என்று உங்கள் தோழி நினைத்திருப்பார். ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பையும் சேர்த்து வெட்டி எடுக்கும் அறுவை அது. பல நாடுகளில் தடை செய்திருக்கிறார்கள், நான் செய்ய மாட்டேன். போதாக்குறைக்கு, நகம் போன பூனைக்கு மிச்சமிருக்கும் ஆயுதம் பல்தான், உங்கள் பிரச்சினையே பல்தானே. நகத்தின் நுனியை அவ்வப்போது வெட்டிவிடுங்கள். அவன் முழு நீளத்துக்கு நிமிர்ந்து பிறாண்டும் அளவுக்கு உயரமான, ஆடாத கம்பம் ஒன்றைக் கதவுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். பிறாண்டுவது நகத்தின் பழைய உறையை உதிர்க்கவும், பாதத்தில் இருக்கும் சுரப்பியால் இது என் இடம் என்று வாசனை வைக்கவும்தான். அதை நிறுத்த முடியாது, வேறு இடத்துக்கு மாற்றத்தான் முடியும்.

தூரமாகக் கொண்டுபோய் விடுவது பல நாடுகளில் சட்டப்படியே குற்றம். சட்டத்தை விடுங்கள், காட்டுப்பூனை என்று நானே சொன்னதால் எங்கேயும் பிழைத்துக்கொள்வான் என்று நினைத்துவிடாதீர்கள். தெரியாத இடத்தில், ஏற்கெனவே வேறு பூனைகள் எல்லை பிரித்து வைத்திருக்கும் தெருவில், புட்டிப்பாலில் வளர்ந்த ஒன்றை இறக்கிவிட்டால் அது அடிபட்டும் பட்டினியிலும் சாகும் வாய்ப்புதான் அதிகம். ஆனால் சிறு குழந்தைகள் இல்லாத, விவரம் தெரிந்த ஒரு வீட்டுக்கு, கடிக்கும் பழக்கம் உண்டு என்பதை மறைக்காமல் சொல்லிக் கொடுப்பது வேறு விஷயம், அது துரோகம் இல்லை. மகளின் பாதுகாப்புக்கு அப்படி ஒரு நாள் முடிவெடுக்க வேண்டி வந்தால் குற்றவுணர்ச்சி வேண்டாம். இப்போதைக்கு அந்த நிலை வந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் செய்ய வேண்டிய எதையும் நீங்கள் இன்னும் செய்து பார்க்கவில்லை.

வேட்டையை வீட்டுக்குள் கொண்டுவருவது

செய்ய வேண்டியது இதுதான்: அவன் எப்படியும் வேட்டையாடத்தான் போகிறான், எதை, எப்போது என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்யுங்கள். 2021இல் இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகம் வீட்டுப் பூனைகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டது. நாள்தோறும் ஐந்து முதல் பத்து நிமிடம் பொம்மையால் விளையாட்டுக் காட்டிய பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 25 சதவீதம் குறைந்தது. இறைச்சிப் புரதம் நிறைந்த, தானியம் கலக்காத உணவுக்கு மாறியவற்றில் 36 சதவீதம் குறைந்தது. மாமியார் சொன்னதற்கு நேர் எதிர், பாருங்கள். கழுத்தில் பளிச்சென்ற வண்ணத்துணிப் பட்டை கட்டியதில் பறவைகள் சாவது 42 சதவீதம் குறைந்தது, ஆனால் எலி குறையவில்லை. கழுத்து மணியால் தெளிவான பலன் எதுவும் தெரியவில்லை. பூனைக்கு யார் மணி கட்டுவது என்று எலிகள் கூட்டம் போட்டுப் பேசியது வீண்தான்.

விளையாட்டிலும் முறை உண்டு. கோலின் நுனியில் கயிறு, கயிற்றின் நுனியில் இறகு, இந்த மாதிரிப் பொம்மைதான் நல்லது, கைக்கும் வாய்க்கும் தூரம் கிடைக்கும். அவன் முகத்துக்கு நேரே ஆட்டாதீர்கள், எந்த எலியும் பூனையை நோக்கி ஓடிவராது. விலகி ஓடட்டும், சோபாவுக்குப் பின்னால் மறையட்டும், நிற்கட்டும், லேசாகத் துடிக்கட்டும். அவன் முறைத்துப் பார்த்துப் பதுங்கும் நேரமும் விளையாட்டின் பகுதிதான், அவசரப்படுத்த வேண்டாம். கடைசியில் கட்டாயம் பிடிக்க விடுங்கள், கடித்து உதைத்துத் தீர்க்கட்டும், உடனே சாப்பாடு வையுங்கள். வேட்டை, உணவு, உடம்பை நக்கிச் சுத்தம் செய்தல், தூக்கம் என்ற வரிசை அதற்குள் இருக்கிறது, அதைத் தொட்டுவிட்டால் மீதி தானாக நடக்கும். அந்தியில், மகள் ஓடியாடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒருமுறை, நீங்கள் படுக்கப் போகும்முன் ஒருமுறை. சாப்பாட்டுக்கு முன்புதான், பசியில் இருக்கும் பூனை பொம்மையோடும் தீவிரமாக விளையாடும் என்று ஆய்வுகளிலேயே பார்த்திருக்கிறார்கள். ஒரே பொம்மை சீக்கிரம் சலித்துவிடும், மூன்று நான்கை மாற்றி மாற்றி எடுங்கள். லேசர் ஒளியைத் துரத்த விடுவது எனக்குப் பிடிக்காது, எவ்வளவு பாய்ந்தாலும் காலுக்கடியில் ஒன்றும் சிக்காது, சில பூனைகள் அதன் பிறகு சுவரையே வெறித்துக்கொண்டிருக்கும். விளையாடி முடிந்ததும் கயிற்றை எடுத்துப் பூட்டி வைத்துவிடுங்கள், விழுங்கினால் குடலை அறுத்துவிடும்.

வெளியே விடுவதை நிறுத்த வேண்டுமா என்பதில் கால்நடை மருத்துவர்களே இரண்டு கட்சி. குருவிகளுக்கும் சரி, வண்டியில் அடிபடாமல் இருக்க சோமுவுக்கும் சரி, உள்ளே இருப்பது நல்லது என்பது என் கட்சி. ஆனால் விளையாட்டும் உயரமும் ஒளிவிடமும் கொடுக்காமல் கதவை மட்டும் சாத்தினால் இப்போது நடப்பதுதான் நடக்கும். அலமாரியின் மேல்தட்டு ஒன்றைக் காலி செய்து கொடுங்கள், உயரத்திலிருந்து அறையைப் பார்க்கும் பூனை நிம்மதியாக இருக்கும். காலி அட்டைப்பெட்டி ஒன்று, அதற்குள் அவன் இருக்கும்போது யாரும் தொடக் கூடாது. தண்ணீர்க் கிண்ணத்தைச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி வையுங்கள், ஈரமான உணவு கூடுதலாகக் கொடுங்கள். வறண்ட நிலத்திலிருந்து வந்த இனம், தாகம் குறைவு, மூத்திரம் கெட்டியாகப் போகும். அவன் மூத்திரப்பைக்கு உள்ளே போகும் தண்ணீர்தான் முதல் மருந்து. லிட்டர் பாக்ஸ் ஒன்றுக்கு இரண்டாக, வேறு வேறு அறையில்.

மகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். அவன் பதுங்குவது தெரிந்தால் ஓடாமல், கத்தாமல், மரம் மாதிரி நிற்க வேண்டும், அசையாத காலில் அவனுக்கு ஆர்வம் போய்விடும். கோல் பொம்மையை அவள் பிடிக்கலாம், பக்கத்தில் நீங்கள் இருக்கும்போது மட்டும். தடவினால் வயிற்றைத் தொடக் கூடாது. மல்லாந்து வயிற்றைக் காட்டுவது உன்னை நம்புகிறேன் என்பதற்குத்தான், தொடு என்பதற்கில்லை. வால் படபடவென்று அடிக்க ஆரம்பித்தாலோ முதுகுத்தோல் சிலிர்த்தாலோ கையை எடுத்துவிட வேண்டும்.

கடைசியாக, ராத்திரி படுக்கையறைக் கதவைச் சாத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். சாத்தலாம், லிட்டர் பாக்ஸும் தண்ணீரும் அவன் பக்கம் இருந்தால் போதும். ஆனால் மருத்துவர் மூத்திரப் பிரச்சினை தீர்ந்தது என்று சொன்ன பிறகு தொடங்குங்கள், அதுவரை அவன் கத்தினால் எழுந்து பார்த்தாக வேண்டும். தொடங்கிய பின் நான்கு மணிக்கு எழுந்து போய்த் திட்டுவதும் அவனுக்குப் பதில் கிடைத்த மாதிரிதான், எழுந்தே போகாதீர்கள். முதல் சில ராத்திரிகள் முன்னைவிட அதிகமாகப் பிறாண்டுவான், அந்த நேரத்தில்தான் எல்லோரும் பொறுமையிழந்து கதவைத் திறந்துவிடுகிறார்கள். நான்கு மணிக்குத் தானாகத் திறக்கும் உணவுப்பெட்டி ஒன்றைக் கூடத்தில் வைத்துவிட்டால் அவன் உங்கள் கதவை விட்டுவிட்டு அதன் முன்னால் போய் உட்கார்ந்துகொள்வான். ஆறு வாரம் இப்படியே செய்து பாருங்கள், அப்போதும் கடி குறையவில்லை என்றால் விலங்கு நடத்தையில் தேர்ந்த ஒருவரை நேரில் பார்ப்பதுதான் சரி.